வன்னி வீட்டில் ஒலிப்பதிவு: எந்த மைக், எந்தப் பெட்டி?

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சொந்தமாகப் பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, வீட்டிலேயே பதிகிற பிள்ளைகள் கூடிவிட்டார்கள். கையில் கொஞ்சக் காசு சேர்ந்ததும் வருகிற முதல் கேள்வி, கொண்டன்சர் மைக்கா (மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்கிற, நுட்பமான வகை) டைனமிக் மைக்கா (மின்சாரம் வேண்டாத, மேடையில் பிடித்துப் பாடுகிற வகை) என்பதுதான். இணைய வீடியோக்களில் பெரும்பாலும் கொண்டன்சரைத்தான் சொல்வார்கள். அந்த வீடியோக்களை எடுத்தவர்களின் அறை வேறு, எங்கள் அறை வேறு.

வீட்டுத் திட்டத்தில் கட்டிய வீடென்றால் அறை பத்தடிக்குப் பத்தடி அளவில் இருக்கும். சுவரும் நிலமும் சீமெந்து, மேலே ஓடு அல்லது சீற். கூரைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியால் மயில் அகவுவதும், லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் போவதும், கோயில் ஸ்பீக்கரும் நேரே உள்ளே வரும். மழை சீற்றில் விழத் தொடங்கினால் அன்றைக்குப் பாட்டுப் பதிவு இல்லை. எதை வாங்கினாலும் இந்த அறைக்குள்தான் அது வேலை செய்யவேண்டும்.

ஷுவர் எஸ்எம்58 டைனமிக், 1966 முதல் சந்தையில் இருப்பது. ஓடியோ டெக்னிக்கா ஏடி2020 கொண்டன்சர். அமெரிக்காவில் இரண்டும் நெடுங்காலம் 99 டொலரை ஒட்டியே விற்றவை, ஆகவே விலையை வைத்துத் தெரிவுசெய்ய முடியாது. கடதாசியில் ஏடி2020 முந்தும்: அது 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை எடுக்கும் (ஹேர்ட்ஸ் கூடக் கூடத் தொனி உயரும்), எஸ்எம்58 எடுப்பது 50 முதல் 15,000 வரை.

டைனமிக் மைக் அறைச் சத்தத்தை எடுக்காது என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. இரண்டுமே முன்பக்கத்தைக் கேட்கிற கார்டியோயிட் வகை. ஒரே தூரத்தில் வைத்துப் பாடினால், குரலோடு சேர்ந்து வருகிற அறைச் சத்தமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். வித்தியாசம் வருவது வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தால். எஸ்எம்58 வாய்க்குக் கிட்டப் பிடித்துப் பாடுவதற்கென்றே செய்தது. மூச்சு அடிப்பதைத் தடுக்கிற பஞ்சு அதன் வலைக்குள்ளேயே இருக்கிறது. ஏடி2020க்கு முன்னால் பொப் ஃபில்டர் (மூச்சைத் தடுக்கிற வலை) வைத்து, ஓரடி தள்ளி நின்று பாடுவதுதான் வழக்கம். ஓரடியிலிருந்து மூன்று அங்குலத்துக்கு வந்தால் குரல் 12 டெசிபல் (சத்தத்தின் அளவு) அளவுக்குக் கூடும். மயிலும் லாண்ட்மாஸ்டரும் அதே அளவில்தான் நிற்கும். இந்த 12 டெசிபலை எங்கள் வீட்டில் வேறெந்த வழியாலும் இவ்வளவு மலிவாக எடுக்க முடியாது. அவ்வளவு கிட்டப் பாடினால் அடித்தொனி கொஞ்சம் பெருக்கும். மென்பொருளில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் சரி.

பாட்டுக்காரருக்கு என் வாக்கு எஸ்எம்58க்குத்தான். வயலின், வீணை, புல்லாங்குழல் பதிகிறவருக்கு அப்படிச் சொல்லமாட்டேன். அந்த மேல்தொனிகளுக்கு ஏடி2020 வேண்டும், ஊர் அடங்கிய பிறகு இரவில் பதியவும் வேண்டும். எஸ்எம்58இல் போலிகள் ஏராளம். உண்மையானது 298 கிராம் இருக்கும், போலிகள் பல அதைவிட லேசானவை. கடைத் தராசில் வைத்துப் பார்க்க வெட்கப்படாதீர்கள்.

அடுத்தது இன்டர்ஃபேஸ், மைக்கின் சத்தத்தைக் கூட்டி லப்டொப்புக்கு அனுப்புவது, எங்கள் பெடியள் "பெட்டி" என்பது. மலிவில் பெரிங்கர் யுஎம்2 நல்லதென்பார்கள். அதில் ஒரேயொரு மைக் வழிதான், பதிவும் 48 கிலோஹேர்ட்ஸோடு (நொடிக்கு 48,000 தடவை ஒலியை அளப்பது) நின்றுவிடும். பாட்டுக்கு 48 தாராளம், குறை அங்கே இல்லை. எஸ்எம்58 கொடுக்கிற மின்குறி மிகச் சின்னது. மெல்லப் பாடுகிறவருக்கு 50, 60 டெசிபல் கூட்டவேண்டி வரும், அவ்வளவு திருகினால் மலிவுப் பெட்டியில் இரைச்சல் எழும்பும். கொஞ்சம் கூடக் கொடுத்து பெரிங்கரின் யுஎம்சி202எச்டி எடுத்தால் இரண்டு மைக் வழி. பாடுகிறவரையும் மிருதங்கத்தையும் தனித்தனித் தடத்தில் பதியலாம். ஃபோகஸ்ரைட்டில் நான்காம் தலைமுறை ஸ்கார்லெட் சோலோ 57 டெசிபல் கூட்டும், அதே வரிசையின் 2ஐ2 பெட்டி 69 டெசிபல் கூட்டும். எஸ்எம்58 வைத்திருப்பவருக்கு இந்த இரண்டில் 2ஐ2தான், கொஞ்சம் பொறுத்துக் காசு சேர்த்தாலும் பரவாயில்லை.

பெட்டிக்கே காசில்லை என்றால் சாம்சன் கியூ2யு இருக்கிறது. டைனமிக், யுஎஸ்பியிலும் போகும், எக்ஸ்எல்ஆரிலும் (பெட்டியில் மாட்டுகிற மைக் வயர்) போகும். இன்றைக்கு லப்டொப்பில் நேரே செருகிப் பாடலாம், பிறகு பெட்டி வாங்கினால் அதே மைக்கை அதிலேயே மாட்டலாம். யுஎஸ்பி மட்டும் உள்ள கொண்டன்சருக்கு இந்த வழி இல்லை. பெயரில்லாத கொண்டன்சரோடு தாங்கியும் சின்னச் சவுண்ட் கார்டும் சேர்த்துத் தருகிற மலிவு செட்டைத் தொடவே வேண்டாம். கொண்டன்சருக்கு வழமையாக 48 வோல்ட் வேண்டும். நல்ல பெட்டி யுஎஸ்பியின் 5 வோல்ட்டை 48 ஆக உயர்த்திக் கொடுக்கும், அந்தக் கார்டுகள் பல அதைச் செய்யாது.

பதிந்ததைக் கேட்டுச் சரிசெய்ய ஸ்பீக்கரா ஹெட்போனா? ஹெட்போன். பத்தடிச் சதுர அறையில் 56 ஹேர்ட்ஸும் 112 ஹேர்ட்ஸும் இரண்டு பக்கச் சுவர்களுக்கிடையிலும் ஒருங்கே குவியும். இருக்கிற இடத்தைப் பொறுத்து அடித்தொனி ஊதிப் பெருக்கும் அல்லது காணாமல் போகும். எவ்வளவு விலையான மொனிட்டர் ஸ்பீக்கரும் அங்கே பொய்தான் சொல்லும். காது மூடிய ஏடிஎச்-எம்40எக்ஸ் போன்ற ஒன்று போதும், பாடும்போது இசை மைக்குக்குள் கசியாது. மிச்சக் காசில் பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் இரண்டு இலவம்பஞ்சு மெத்தை நிறுத்துங்கள். மைக்கின் முகம் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். முட்டை அட்டை ஒட்டுவது வீண் வேலை.

பதிகிறபோது லப்டொப் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். எர்த் சரியில்லாத வீடுகளில் வருகிற 50 ஹேர்ட்ஸ் ஊளை பெரும்பாலும் அதோடு நின்றுவிடும், கரண்ட் போனாலும் பதிவு அறாது. மென்பொருளில் ஓடாசிட்டி இலவசம். பல தடம் வைத்துக் கலக்க ரீப்பர் திறம்: 60 நாள் பரீட்சித்துப் பார்க்கலாம், தனியாளுக்கு உரிமம் 60 டொலர்.

கூத்தையும் பறையையும் பதிய நினைப்பவருக்கு மேலே சொன்ன எதுவும் முதலில் வேண்டாம். அது வெளியில் நடப்பது. கைக்குள் அடங்குகிற சூம் பதிவுக்கருவி ஒன்று எடுங்கள். பழைய எச்1என்னில் அளவை முன்கூட்டியே திருகிவைக்க வேண்டும், பறை எழும்பினால் பதிவில் ஒலி உடைந்துவிடும். 2024இல் வந்த எச்1எசென்ஷல் 32 பிட் ஃப்ளோட்டில் (மிகச் சின்னச் சத்தத்தையும் பெரிய சத்தத்தையும் ஒருங்கே பிடிக்கிற முறை) பதிவதால் திருகவே தேவையில்லை. கருவி தாங்குகிற சத்தத்துக்குள் இருந்தால் பிறகு சரிசெய்யலாம். இரண்டுக்கும் சின்ன ஏஏஏ பற்றரி இரண்டு. காற்றுக்கு ஒரு உரோம உறை மாட்டி, களரிக்கு (கூத்தாடுகிற இடம்) நேரே ஒரு தடியில் கட்டி, மத்தளத்துக்குக் கிட்டப் போகாமல் கூத்தை நடத்துகிற அண்ணாவியார் பக்கம் கொஞ்சம் சாய்த்து வையுங்கள்.