மேலேயே அப்கிரேட் செய்வதா, துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவதா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. வீட்டுக் கணினியை விண்டோஸ் 11-க்கு மாற்ற நினைப்பவர்களுக்கு இரண்டு வழிகள்: இருப்பதன் மேலேயே அப்கிரேட் செய்வது, அல்லது டிஸ்க்கைத் துடைத்துவிட்டு கிளீன் இன்ஸ்டால் செய்வது. கணினி ஒழுங்காக ஓடுகிறதென்றால் முதல் வழியையே எடுங்கள் என்பேன்.

காரணம், திரும்பி வர இடம் இருக்கிறது. அப்கிரேட் செய்தால் பழைய சிஸ்டம் முழுக்க சி டிரைவிலேயே 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டரில் இருக்கும். 10 நாட்களுக்குள் செட்டிங்ஸில் ரெக்கவரி பக்கத்துக்குப் போய் 'கோ பேக்' கொடுத்தால் பழையபடி ஆகிவிடும். இடம் போதவில்லை என்று அதற்குள் அந்த ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள். புரோகிராம்கள், பிரின்டர் செட்டிங் எல்லாம் அப்படியே இருக்கும். பழைய குப்பையும் கூடவே வரும்தான்.

கிளீன் இன்ஸ்டாலில் குப்பை போகும், வேலை கூடும். விண்டோஸ் லைசென்ஸ் பிரச்சினையில்லை. அது மதர்போர்டோடு (கணினியின் முதன்மைச் சர்க்யூட் போர்டு) சேர்ந்தது, அதே ஹோம் அல்லது புரோ பதிப்பைப் போட்டால் தானாகவே ஆக்டிவேட் ஆகும். சிக்கல் வேறு இடத்தில். விண்டோஸ் 11 செட்டப் நடுவிலேயே இன்டர்நெட் கேட்கும். வைஃபை டிரைவர் (வைஃபையை இயக்கும் மென்பொருள்) இல்லையென்றால் லிஸ்டில் ஒரு நெட்வொர்க்கும் தெரியாது, அடுத்த பட்டனும் அழுந்தாது. அந்த டிரைவரை முன்கூட்டியே இறக்கி பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியானாலும் இரண்டு வேலைகளைத் தள்ளிப்போடக் கூடாது. முதலாவது பேக்கப். அதே டிஸ்க்கின் டி டிரைவில் காப்பி எடுத்துவைப்பது பேக்கப் ஆகாது. டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுங்கள், எடுத்தபின் நாலைந்து போட்டோக்களை அங்கிருந்தே திறந்து பாருங்கள். ஒன்டிரைவில் மேகக் குறியோடு தெரியும் ஃபைல்கள் கணினியில் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது பிட்லாக்கர் ரெக்கவரி கீ. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதிதான் பிட்லாக்கர், அந்தப் பூட்டைத் திறக்கும் எண்தான் இந்த கீ. பல லேப்டாப்களில் இந்தப் பூட்டு (என்கிரிப்ஷன்) தானாகவே ஆன் ஆகியிருக்கும், உரியவருக்கே தெரிந்திருக்காது. விண்டோஸ் 11-க்காக செக்யூர் பூட், டிபிஎம் போன்ற பாதுகாப்பு அமைப்புகளை பயாஸில் (கணினி ஆன் ஆகும்போதே வரும் அடிப்படை செட்டிங்) மாற்றியதும் நீலத்திரையில் 48 இலக்க எண்ணைக் கேட்கலாம். எண் இல்லையென்றால் உள்ளே இருப்பதை எடுக்கவே முடியாது. பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். மாற்றத்துக்கு முன்பே பார்த்துத் தாளில் எழுதிவையுங்கள்.

அப்புறம், கிளீன் இன்ஸ்டால் எப்போது? வைரஸ் புகுந்த கணினி, வேறொருவரிடம் வாங்கிய கணினி, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (அதைவிட வேகமான சேமிப்பகம்) போடும் கணினி. இந்த மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வேகம் கூடுவது கண்கூடாகத் தெரியும், பழைய டிஸ்க்கிலும் கை வைக்க வேண்டியதில்லை. கழற்றி அப்படியே எடுத்துவையுங்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் யுஎஸ்பி கேஸில் (டிஸ்க்கை வெளியிலிருந்து இணைக்கும் பெட்டி) மாட்டி காப்பி செய்துகொள்ளலாம்.