‘ஒரு பகுதி குழந்தைகளுக்கு’ என்று சொல்லி க்ரீம் விற்க வருகிறார்கள், கவனம்

2024 அக்டோபரில் எங்கள் குடியிருப்புக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை, பையில் பிங்க் ரிப்பன். “புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு நிதி சேர்க்கிறோம் அக்கா. ஃபேஸ் க்ரீமும் சோப்பும் சேர்ந்த செட் 650 ரூபாய், அதில் ஒரு பகுதி ஆஸ்பத்திரிக்குப் போகும்” என்றார்கள். அந்த நோய்க்கு அம்மாவைப் பறிகொடுத்தவள் நான். வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு இரண்டு செட் எடுத்துக்கொண்டு, வீடு வீடாக நானே கூடப் போய் இன்னும் 18 செட் விற்றுக் கொடுத்தேன். மொத்தம் 13,000 ரூபாய். ஜிபேயில் அனுப்பும்போது நிதி சேர்க்கும் டிரஸ்டின் பெயருக்குப் பதில் தனிநபர் பெயர்தான் வந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

நாலாம் நாள் அத்தைக்கு முகமெல்லாம் சிவந்து எரிச்சல். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் தயாரித்தவர் முகவரி இல்லை, பேட்ச் எண் இல்லை, உற்பத்தி உரிம எண் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. தோல் டாக்டர் உடனே நிறுத்தச் சொன்னார். லேபிள் இல்லாத சிவப்பழகு க்ரீம்களில் ஸ்டீராய்டோ பாதரசமோ கலந்திருக்கலாம், பாதரசம் சிறுநீரகத்தையே கெடுக்கும் என்றார். 2023இல் கேரளாவின் மலப்புறத்தில் இப்படிப்பட்ட க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்ததையும் சொன்னார். நோயாளிக் குழந்தைகள் பெயரைச் சொல்லி இதையா விற்பது?

அவர்கள் சொன்ன ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். அப்படி யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்றார்கள். வாட்ஸ்அப்பில் வந்த ரசீதில் டிரஸ்டின் பான் எண்ணும் இல்லை, நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை தரும் 80ஜி பதிவு எண்ணும் இல்லை. அந்தப் பெண்களின் நம்பர் அதற்குள் ஸ்விட்ச் ஆஃப்.

அழகுப் பொருள் விற்று நிதி திரட்டுவதே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. மேக் (MAC) என்ற அழகுப் பொருள் நிறுவனம் 1994இல் விவா கிளாம் லிப்ஸ்டிக்கைக் கொண்டுவந்தபோது, விற்ற விலை முழுதும் எச்ஐவி, எய்ட்ஸ் உதவி நிதிக்கு என்று வெளிப்படையாகவே அறிவித்தது. எனக்குக் கிடைத்த பதில் ‘ஒரு பகுதி’. அது 300 ரூபாயா 3 ரூபாயா என்று நான் கேட்கவே இல்லை. எவ்வளவு, யாருக்கு என்று கேளுங்கள். பதிலை அந்த ஆஸ்பத்திரியிலேயே விசாரித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

என்னை நம்பி வாங்கிய அத்தனை வீட்டுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கீழ்வீட்டில் வேலை செய்யும் அக்கா மட்டும் வாங்க மறுத்தார். “பிள்ளைங்களுக்குன்னு கொடுத்தது, எனக்கு வேண்டாம்” என்றார். அவருடைய 650 ரூபாயை ஆஸ்பத்திரிக் கவுண்ட்டரில் நேரில் கட்டி, அவர் பெயரிலேயே ரசீது வாங்கி வந்தேன்.

சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் போன் செய்து புகார் பதிந்தாயிற்று. மாவட்ட மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் இரண்டு டப்பாக்களைக் கொடுத்திருக்கிறேன். உங்கள் பக்கமும் இதே செட் வந்திருந்தால் முகத்தில் பூசாதீர்கள், தூக்கியும் போடாதீர்கள். டப்பாவையும் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள்.