பாகுபாட்டை எழுதிப் பார்க்க ஒரு குறிப்பேடு

பாரபட்சத்தையும் பன்முகத்தன்மையையும் அவரவர் அனுபவத்திலிருந்து எழுதிப் பார்ப்பதற்கென்றே தயாரிக்கப்பட்ட குறிப்பேடு ஒன்றை, சிங்கப்பூரின் பிராஸ் பாசா வட்டாரக் கடையொன்றில் 28 வெள்ளிக்கு வாங்கினேன். தாள் நன்றாக இருக்கிறது. பேனா மை பின்பக்கம் ஊறுவதில்லை. கேள்விகள் ஆங்கிலத்தில் இருந்தாலும் தமிழில் பதில் எழுதத் தடையேதும் இல்லை.

கல்வியாளர் கிரஹாம் கிப்ஸ், அனுபவத்தை எண்ணிப் பார்ப்பதற்கென்று 1988இல் வகுத்த ஆறு படிகளே இதன் அடிப்படை: நடந்தது, உணர்ந்தது, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, இனிச் செய்யவேண்டியது. முதல் படிக்குப் பாதிப் பக்கத்தை ஒதுக்கி, கண்டதையும் கேட்டதையும் தவிர வேறெதையும் அங்கே எழுதக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருப்பதே இந்த ஏட்டின் பலம். வாடகைக்கு வீடு தேடியபோது முகவர் ஒருவர் தொலைபேசியில் பேசியதை எழுத உட்கார்ந்தேன். ‘அவமானப்படுத்தினார்’ என்று எழுத அங்கே இடமில்லை. பெயரைக் கேட்டார், “இந்தியரா?” என்றார், சற்றுப் பொறுத்து, “தினமும் சமைப்பீர்களா?” என்றார்; வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறி வைத்தவர் பிறகு அழைக்கவே இல்லை. இப்படிப் பேசிய சொற்களாக மட்டும் எழுதியதால் கோபம் தணிந்துவிடவில்லை. ஆனால் அந்தச் சமையல் கேள்வி முகவருடையதா, வீட்டுக்காரருடையதா என்ற ஐயம் அப்போதுதான் எழுந்தது.

குறை கேள்விகளில் இருக்கிறது. பெரும்பாலானவை கறுப்பர், வெள்ளையர் என்ற அமெரிக்கச் சூழலை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அடையாள அட்டையில் இனம் குறிக்கப்படும் நாட்டில், 1989 முதல் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கு, ஒரு கட்டடத்தில் ஒவ்வோர் இனத்தவருக்கும் இவ்வளவுதான் என்ற இன விகிதாச்சார வரம்பு உள்ள நாட்டில், கேட்பதற்கு வேறு எவ்வளவோ உண்டு. சீனர்களுக்கான வரம்பு நிறைந்துவிட்ட கட்டடத்தில் தமிழர் ஒருவர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க இயலாது. வாங்கக்கூடியவர்கள் குறைவதால் விலையும் இறங்கலாம். எல்லா இனத்தவரும் கலந்து வாழவேண்டும் என்பதற்காக வந்த கொள்கையை ஆதரித்துக்கொண்டே அதன் நட்டத்தையும் சுமக்கும் குடும்பத்தின் மனநிலையை எழுத இந்த ஏட்டில் ஒரு பக்கம்கூட இல்லை.

இன்னொன்று, எழுதுபவர் எப்போதும் பாதிக்கப்பட்டவரே என்று இது எடுத்துக்கொள்கிறது. திருமணப் பேச்சில் நிறத்தைப் பற்றி நாம் சொல்பவை, ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில் கூடும் கட்டுமான ஊழியர்களைப் பற்றி நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேசப்படுபவை, ‘ஊரிலிருந்து வந்தவர்கள்’ என்று புதிதாகக் குடியேறியோரை ஒதுக்கிப் பேசும் தொனி ஆகிய எதையும் இது கேட்பதில்லை. அவற்றுக்காகக் கடைசியில் உள்ள வெற்றுப் பக்கங்களில் நானே கேள்விகளை எழுதிக்கொண்டேன்.

தனியாக எழுத விரும்புபவர் தயங்காமல் வாங்கலாம். அலுவலகப் பயிற்சிகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். எழுதியதைச் சக ஊழியர்முன் உரக்க வாசிக்கச் சொல்லும் இறுதிப் பகுதி, குழுவில் ஒரே தமிழராக இருப்பவரை மற்றவர்களுக்கான பாடப்பொருளாக்கிவிடும்.