திருகோணமலைத் தரவுகளோடு நான்கு மாரி: க்யூஜிஐஎஸ், ஜிஜிபிளாட்2 பயன்பாட்டு அனுபவம்

மாவட்டத்தின் 11 பிரதேச செயலாளர் பிரிவுகளின் மழைவீழ்ச்சி, சனத்தொகை, நோய்ப் பதிவு ஆகியவற்றைப் படமாக்க இரண்டு இலவச மென்பொருள்கள் நான்கு மாரிகாலமாகப் பயன்பட்டு வருகின்றன. தேசப்படத்துக்கு க்யூஜிஐஎஸ், வரைபுகளுக்கு ஆர் என்ற கணினி மொழியின் ஜிஜிபிளாட்2. இரண்டையும் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ஆனால் அவற்றில் தாமாகவே இருக்கும் டிபோல்ட் அமைப்புகள் நம்முடைய மழையையோ எழுத்தையோ நினைத்து வைக்கப்பட்டவை அல்ல. வந்த பிழைகளில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வந்தன.

முதலில் மழை. ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும் அச்சு இங்கே சரிவராது. திருகோணமலையில் ஒக்டோபரில் பிடிக்கும் மழை நவம்பர், டிசம்பரில் உச்சத்துக்குப் போய் ஜனவரியிலும் தொடரும். கலண்டர் ஆண்டாக வரைந்தால் ஒரே மாரி இரண்டாக வெட்டுப்பட்டு, இடது ஓரத்தில் ஒரு துண்டும் வலது ஓரத்தில் ஒரு துண்டுமாகக் கிடக்கும். பெரும்போகத்துக்கு எவ்வளவு தண்ணீர் கிடைத்தது என்று கேட்கும் விவசாயிக்கு அந்த வரைபில் பதில் இல்லை. ஒக்டோபர் 1 முதல் செப்டெம்பர் 30 வரையான நீரியல் ஆண்டுக்கு மாற்றுங்கள்: மாதம் 10 அல்லது அதற்கு மேல் என்றால் ஆண்டோடு 1 கூட்டிப் புதிய நிரல் ஒன்று, மாதங்களுக்கு ஒக்டோபரில் தொடங்கும் வரிசை ஒன்று. இரண்டே வரி. மாரி முழுதாக இடப்பக்கம் வந்துவிடும், சிறுபோகத்து வறட்சி வலப்பக்கம் போய்விடும்.

அதற்கு முன் திகதிகளைப் பாருங்கள். டிசம்பர் 6 ஐ நாம் 06/12 என்று எழுதுகிறோம். அமெரிக்க முறைக்கு அமைந்த எக்செல் அதை ஜூன் 12 என்று எடுத்துக்கொள்ளும். நாள் 12 ஐத் தாண்டினால் மாதமாக முடியாததால் அது வெறும் எழுத்தாக நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு மாதத்தின் முதல் 12 நாட்கள் மட்டும் இடம் மாறும், பிழையும் இலகுவில் கண்ணில் படாது. ஜூன் நடுவில் 90 மி.மீ. மழை தெரிந்தால் வானத்தைச் சந்தேகிக்க வேண்டாம், அந்த நிரலைத் திறந்து பாருங்கள். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பதிந்தால் இந்தத் தொல்லை வராது. வெற்றுக் கட்டத்தையும் 0 ஐயும் ஒன்றாக்கக் கூடாது. மழை பெய்யாத நாள் வேறு, மழைமானியைப் பார்க்காத நாள் வேறு. பின்னதைச் சாம்பல் நிறத்தில் காட்டுங்கள்.

ஒவ்வொரு நாளையும் ஒரு நிறக்கட்டமாகக் காட்டும் வரைபில் சீரான நிற அளவு உதவாது. ஒரு நாள் கொட்டிய 150 மி.மீ. மற்ற எல்லா நாட்களையும் வெளிற வைத்துவிடும். 0, 1, 10, 25, 50, 100 என்று எல்லை வைத்து வகுப்புகளாகப் பிரித்தால் சிறு மழையும் தெரியும்.

அடுத்தது தமிழ் எழுத்து. அதிக நேரத்தைத் தின்றது இதுதான். பைதன் மொழியின் வரைபுப் பொதியான மெட்பிளொட்லிப்பின் பழைய பதிப்புகளில் கொம்பும் சங்கிலிக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். மூதூர், கிண்ணியா, கந்தளாய் தப்பிவிடும்; வெருகல், சேருவில, மொறவெவ, குச்சவெளி உடையும். திருகோணமலை என்ற பெயரே 'கோ'விலும் 'லை'யிலும் இரண்டு இடத்தில் உடையும். ஜிஜிபிளாட்2 இல், படத்தைச் சேமிக்கும் ரேக் பொதியை நிறுவி, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவோடு 300 டிபிஐ பிஎன்ஜியாகச் சேமித்தால் ஒழுங்காக வரும். பிடிஎஃப் வேண்டுமென்றால் ஆரின் கெய்ரோ என்ற சேமிப்பு வழி. சாதாரண வழியில் எழுத்துக்குப் பதில் புள்ளிகள்தான் கிடைக்கும்.

சேப்ஃபைல் என்ற தேசப்படக் கோப்பு வடிவத்தைத் தமிழ்த் தரவுக்கு வைத்திருக்கவே வேண்டாம். அதன் நிரல் தலைப்புக்கு 10 பைற்று மட்டுமே இடம் உண்டு. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் (எழுத்து, புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனிக் குறி) யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைற்று. 'சனத்தொகை' மூன்றாவது குறியோடு அறுந்து 'சனத' என்று நிற்கும், 'சனத்தொகை அடர்த்தி'யும் அதே 'சனத' ஆகிவிடும். ஜியோபெக்கேஜ் என்ற வடிவத்தில் சேமித்தால் இந்த எல்லை இல்லை.

பிரிவுப் பெயரை வைத்துத் தரவைத் தேசப்படத்தோடு இணைப்பதும் நம்பத் தக்கதல்ல. 'மொ'வை ஒருவர் ஒரே குறியான ஒகரத்தாலும், இன்னொருவர் கொம்பையும் காலையும் தனித்தனியே அடித்தும் எழுதியிருப்பார். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பு என்றால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். வெருகலை ஈச்சிலம்பற்று என்று எழுதிய பட்டியல்களும் உண்டு. எண் குறியீட்டால் இணையுங்கள்.

க்யூஜிஐஎஸ்ஸில், இடத்தை எண்களால் குறிக்கும் ஆள்கூற்று முறையைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் ஈபிஎஸ்ஜி என்ற பட்டியலில் ஓர் எண் உண்டு. இலங்கைக்கு இரண்டு கட்டமைப்புகள் புழக்கத்தில் உள்ளன: பழைய கந்தவளை, ஈபிஎஸ்ஜி 5234, 1999 இன் புதியது, ஈபிஎஸ்ஜி 5235. பழையதன் தொடக்க எண்கள் 2 இலட்சம் மீற்றர், புதியதில் 5 இலட்சம். பழைய எண்களைப் புதியது என்று கொடுத்தால் படம் இரு திசையிலும் 300 கிலோமீற்றர் தள்ளிப்போய், திருகோணமலை கொழும்புக்குத் தென்மேற்கே கடலில் மிதக்கும். நகரத்தின் கிழக்கு எண் சுமார் 5,50,000 என்றால் புதியது, 2,50,000 என்றால் பழையது.

பிரிவுகளுக்கு நிறம் தீட்டும்போது எண்ணிக்கையைத் தீட்டாமல் 10,000 பேருக்கு எத்தனை என்ற வீதத்தைத் தீட்டுங்கள். அப்போதும் ஆட்கள் குறைவான கோமரங்கடவல, மொறவெவ போன்ற அகன்ற பிரிவுகள் படத்தை ஆக்கிரமிக்கும். சனம் நெருக்கமான கிண்ணியா ஒரு மூலையில் ஒடுங்கும். எண்ணிக்கைதான் வேண்டுமென்றால் வட்டங்கள் போடலாம். நான்கு மடங்கு தொகைக்கு விட்டம் இரண்டு மடங்கு, அதற்கு மேல் போகக் கூடாது. நீளத்தையும் நிலையையும் நாம் பரப்பையும் நிறத்தையும் விடச் சரியாக மதிப்பிடுகிறோம் என்று புள்ளிவிபர ஆய்வாளர்களான கிளீவ்லண்டும் மெக்கிலும் 1984 இல் காட்டினார்கள். அதனால் படத்துக்குப் பக்கத்தில் கிடைப் பட்டை வரைபு ஒன்றையும் வைப்பது நல்லது. 'பட்டினமும் சூழலும்' போன்ற நீண்ட பெயரும் சாயாமல் அதில் நிற்கும்.

நிறத்துக்கு விரிடிஸ் என்ற ஆயத்த நிறவரிசை. சிவப்பு–பச்சை வர்ணம் திரையில் அழகு, ஆனால் இங்கே அறிக்கை கடைசியில் போய்ச் சேருவது கறுப்பு வெள்ளை போட்டோக்கொப்பியாகத்தான். அங்கே இரண்டும் ஒரே சாம்பல். விரிடிஸ் இருளிலிருந்து ஒளிக்குச் சீராக ஏறுவதால் கொப்பியிலும் வரிசை குலையாது. தேசப்படத்தில் ஐந்து வகுப்புக்கு மேல் வேண்டாம். எல்லைக்கோடு 0.3 மி.மீ., தமிழ் எழுத்து 8 புள்ளி, இதற்குக் கீழே இறங்கினால் மை தின்றுவிடும்.

அசையும், சொடுக்கும் வரைபுகள் கூட்டத்தில் காட்ட நல்லவை. மெதுவான இணைப்பில் திறக்காது, சுவரிலும் ஒட்ட முடியாது.

தாளில் அச்சிட ஏ4 ஐ நெடுக்காக வையுங்கள். கரை வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சரிவதால் மேல் வலது மூலை முழுக்கக் கடல். நிறவிளக்கமும் அளவுகோலும் அங்கே வசதியாக அமரும். கொட்டியாரக் குடாவை மட்டும் எழுத்தால் மூடாதீர்கள். மூதூர்க்காரர் தம் ஊரைத் தேடுவது அந்த வளைவைப் பார்த்துத்தான்.