ஆர்.ஏ. ஃபேக்டரா, ஆன்ட்டி சி.சி.பி.யா?

காலையில் விரல்கள் மடங்க மறுக்கின்றன. முடக்குவாதமோ (மூட்டுகளை வீங்கவைக்கும் ‘ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்’) என்று சந்தேகம். ஆய்வகத்தில் இரண்டு ரத்தப் பரிசோதனைகளைச் சொல்கிறார்கள்: ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்ட்டி சி.சி.பி. (சுருக்கமாக சி.சி.பி.). உடல் தன்னையே தாக்க உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்களைத் தேடுபவை இவை. எதற்குப் பணம் கட்டுவது?

செலவு
ஆர்.ஏ. ஃபேக்டர்: மலிவு, சிறிய ஆய்வகத்திலும் உண்டு.
சி.சி.பி.: பல மடங்கு விலை. சிற்றூரென்றால் ரத்தம் வெளியூர் போய் வர வேண்டும்.

நோயைப் பிடிக்கும் திறன்
இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. முடக்குவாதம் உள்ள 100 பேரில் ஏறக்குறைய 70 பேரிடம் பாசிட்டிவ் வரும். ஆகவே நெகட்டிவ் வந்தால் நோயில்லை என்று கொண்டாடிவிட முடியாது.

பொய் எச்சரிக்கை
ஆர்.ஏ. ஃபேக்டர்: 1940இல் நார்வேயின் எரிக் வாலர் விவரித்த பழைய ஆள். ஹெபடைடிஸ் சி, காசநோய், ஷோகிரென் நோய் (கண்ணும் வாயும் வறளும் நோய்) என எதற்கும் கை தூக்கும், ஒன்றுமில்லாத முதியவருக்கும்கூட. ‘மாஸ்டர் செக்கப்’ பட்டியலில் இதைச் சேர்ப்பது வீண் பயத்தை விலைக்கு வாங்குவது என்பேன்.
சி.சி.பி.: நோயில்லாத 100 பேரில் சுமார் 5 பேரிடம்தான் தவறாகப் பாசிட்டிவ் வரும். மூட்டெலும்பு அரிக்கப்படும் அபாயத்தையும் கோடி காட்டும்.

விரல், மணிக்கட்டு மூட்டுகள் ஆறு வாரத்துக்கு மேல் வீங்கியிருந்தால் இரண்டையும் எடுங்கள். முடக்குவாதத்தை அடையாளம் காண மருத்துவர்கள் பின்பற்றும் 2010ஆம் ஆண்டின் வகைப்பாட்டு விதிகள் இரண்டையும் கணக்கில் கொள்கின்றன. ஆர்.ஏ. ஃபேக்டர் மட்டும் லேசாகக் கூடியிருந்து, வீக்கமே இல்லையென்றால், பயப்படுவதற்கு முன் சி.சி.பி. பார்க்கலாம். படியேறும்போது மட்டும் முழங்கால் வலிக்கிறதா? இரண்டுமே வேண்டாம். சிகிச்சையில் இருப்பவர்கள் முன்னேற்றம் அறிய இவற்றைத் திரும்பத் திரும்ப எடுப்பதிலும் பயனில்லை, அதற்கு உடலின் அழற்சியை அளக்கும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகள் போதும்.