புறொமுக்கு மண்டபம் பதிவு செய்யப்போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

கனடாவில் ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோ, மார்க்கம் (Markham) ஊர்களில் பன்னிரண்டாம் தரத்தில் பிள்ளைகள் உள்ளவர்கள், புறொம் எனப்படும் பாடசாலை இறுதியாண்டு இரவு விருந்தின் மண்டபத்துக்கு முற்பணம் கட்டும் முன் இதை வாசியுங்கள். என் மகள் இருந்த மாணவர் குழுவை ஒரு விருந்து மண்டபம் ஏமாற்றிவிட்டது. சிறு உரிமைகோரல் நீதிமன்றத்துக்குப் போவதா என்று பாடசாலை இன்னும் ஆலோசிப்பதால் மண்டபத்தின் பெயரை எழுதவில்லை.

தலைக்கு 80 டொலர் என்றார் முகாமையாளர். இன்னொரு பாடசாலையும் அதே நாளைக் கேட்கிறது என்று அவசரப்படுத்தி, பதினேழு வயதுப் பிள்ளையிடமே பதிவுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். டீஜேக்கும் அலங்காரத்துக்கும் பத்து டொலர் சேர்த்து, பிள்ளைகள் 90 டொலருக்கு டிக்கெட் விற்றார்கள்.

புறொமுக்குச் சில வாரங்களே இருந்தபோது விலைச்சீட்டு வந்தது. படிவத்தில் 80-க்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தனவாம். ஒன்று 18 வீதம் சேவைக் கட்டணம். மற்றது அதற்கும் மேலாக 13 வீதம் எச்.எஸ்.ரி. எனும் விற்பனை வரி. ஆக, தலைக்கு 106 டொலர் 67 சதம். கட்டாயமாக அறவிடும் சேவைக் கட்டணத்துக்கு வரி உண்டு என்பது உண்மைதான்; வரியில் பிழை சொல்லவில்லை. மொத்தத் தொகையைச் சொல்லாமல் 80 என்று மட்டும் பிள்ளைகளிடம் சொன்னது அப்பட்டமான ஏமாற்று. இதற்கு மேல், எத்தனை பேர் வந்தாலும் 200 பேருக்குப் பணம் கட்ட வேண்டும் என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. வந்தவர்கள் 180 பேர். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 6,900 டொலர் துண்டு விழுந்தது. கேக் விற்றும் கார் கழுவியும் மாணவர் மன்றம் சேர்த்த பணம் முழுவதும் அதற்குள் போனது. மிச்சத்தைப் பாடசாலை கொடுத்தது.

பதினெட்டு வயது நிரம்பாதவரின் கையெழுத்து ஒன்ராறியோவில் பொதுவாக அவரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் டிக்கெட் விற்று, உடைகளும் வாங்கிய பிறகு எந்த அதிபர் புறொமை நிறுத்துவார்? அந்த நேரம் பார்த்துத்தான் விலைச்சீட்டை அனுப்பினார்கள்.

பணத்தைவிட எனக்கு ஆறாதது சாப்பாட்டு விஷயம். ஹலால் கோழி தனியாக வரும் என்று உறுதி தந்திருந்தார்கள். அன்றிரவு எந்தத் தட்டு ஹலால் என்று கேட்டால் பரிமாறியவர்களுக்குத் தெரியவில்லை. சமையலறையில் கேட்டு வந்து சொல்லவும் ஒருவரும் இல்லை. என் மகளின் தோழிகள் பலர், முழு விலை கொடுத்துவிட்டு, பாணும் சலாட்டும் சாப்பிட்டு எழுந்தார்கள். சைவப் பிள்ளைகளுக்கு வைத்த பாஸ்தா பாதியில் தீர்ந்துவிட்டது. பிள்ளைகள் பார்த்துத் தெரிவு செய்த பெரிய மண்டபமும் கிடைக்கவில்லை. தடுப்புச் சுவரை இழுத்து மூடி, மறுபாதியை வேறொரு விருந்துக்குக் கொடுத்துவிட்டார்கள். முறையிட்டால், அறையை மாற்றும் உரிமை மண்டபத்துக்கு உண்டு என்று அதே படிவத்தைக் காட்டினார்கள்.

உங்கள் பிள்ளைகளின் குழு மண்டபம் பார்க்கிறதென்றால், வரியும் சேவைக் கட்டணமும் சேர்த்துத் தலைக்கு மொத்தம் எவ்வளவு என்று ஒரே தொகையாக எழுதி வாங்கச் சொல்லுங்கள். அதற்கு முன் டிக்கெட் விலையை அறிவிக்க வேண்டாம். காவலாளிகளுக்கான செலவும், சோகன், ரீசவுண்ட் அமைப்புகளுக்குரிய இசை உரிமக் கட்டணமும் அந்தத் தொகைக்குள் அடங்குமா என்று கேட்கட்டும். குறைந்தபட்ச ஆள்தொகை, இறுதி எண்ணிக்கையைக் கொடுக்கும் நாள், அறையின் பெயர், ஹலால் உணவு எப்படித் தனியாகப் பரிமாறப்படும் என்பது, எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கையெழுத்துப் பாடசாலை நிர்வாகத்தினுடையதாக மட்டும் இருக்கட்டும்.

அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடலாம். திருமணங்கள் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில்தான் நடக்கின்றன. ஜூன் மாத வியாழக்கிழமையில் ஒரு பாடசாலை வந்தால் அது மண்டபக்காரருக்கும் தேவையான வியாபாரம்தான்.