அரசு ஐடிஐயில் ஓராண்டு வெல்டர் பயிற்சி: சேரும் முன் ஸ்கிராப் தொட்டியைப் பாருங்கள்

தமிழ்நாட்டு அரசு ஐடிஐகளில் ஆண்கள் 40 வயதுவரை சேரலாம். பெண்களுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. வெல்டர் பிரிவுக்கு எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். இது தெரிந்த பிறகுதான் முப்பத்தாறு வயதில் விண்ணப்பம் போட்டேன். திருவெறும்பூர் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு கிரில் பட்டறை இருக்கிறது. கணக்கு, கொட்டேஷன், பாக்கி வசூல் எல்லாம் என் பொறுப்பு. கை தேர்ந்த ஆட்கள் ஒவ்வொருவராக துபாய், கத்தார் என்று கிளம்பிவிடுவார்கள். செய்து முடிக்காத கேட் அப்படியே நிற்கும், பார்ட்டி போன் மேல் போன் போடுவார். இனி யார் போனாலும் வேலை நிற்கக்கூடாது என்றுதான் நானே கற்றுக்கொள்ளக் கிளம்பினேன். படித்தது திருச்சி மாவட்டத்து அரசு ஐடிஐ ஒன்றில். குறையும் சொல்லப்போகிறேன், அதனால் எது என்று கேட்காதீர்கள்.

செலவு விஷயத்தில் குறையே சொல்ல முடியாது. பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, ஷூ, புத்தகம் எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வரும் பையன்களுக்கு 2024லிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வேறு. பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் அதே தொகை. எங்கள் பேட்சில் அந்தப் பணத்தை அப்படியே அம்மா கையில் கொடுக்கிற பையன்களும் இருந்தார்கள், போனுக்குத் தவணை கட்டியவர்களும் இருந்தார்கள்.

வெல்டிங் என்று சேர்ந்தால் ஆரம்பத்தில் வெல்டிங்கே கிடையாது. அரம்தான். பிளேட்டை வைஸில் கட்டி, ராவி, மூலை மட்டம் வைத்துப் பார்த்து, மறுபடி ராவ வேண்டும். கூடப் படித்த பதினாறு பதினேழு வயசுப் பையன்கள் இதில்தான் சலித்துப்போய் வெளியே நழுவுவார்கள். "அக்கா, சார் கேட்டா பாத்ரூம் போயிருக்கேன்னு சொல்லுங்க." எனக்கு அது சலிக்கவில்லை. எங்கள் பட்டறையில் பாதி கேட் கோணலாகப் போவதற்குக் காரணம் வெல்டிங் இல்லை, வெட்டுவதும் ராவுவதும்தான் என்று அங்கே புரிந்தது.

அப்புறம் ஆர்க், அதாவது கரன்ட் பொறியில் ராடை உருக்கி ஒட்டும் வெல்டிங். 3.15 மில்லிமீட்டர் ராட், பத்து மில்லிமீட்டர் பிளேட், நூறு ஆம்பியர் பக்கத்தில் மெஷின். முதலில் ராட் ஒட்டிக்கொள்ளும், எல்லோருக்கும்தான். எங்கள் பயிற்றுநருக்கு ஓய்வுபெறச் சில வருடம்தான் பாக்கி. அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு நம் வெல்டிங்கை உற்றுப் பார்க்கவே மாட்டார். பூத்துக்கு வெளியே முதுகைக் காட்டி நின்று சத்தத்தைக் கேட்பார். ஆர்க் நீளம் சரியாக இருந்தால் ஒரே சீராகச் சடசடக்கும். ராடைத் தூக்கிவிட்டால் சத்தம் இழுத்து ஊதும், துளி தெறிக்கும். "மேல போயிட்டீங்கம்மா, கீழ வாங்க" என்று திரும்பாமலே சொல்வார். நான் நிறுத்தியதும் உள்ளே வந்து சிப்பிங் ஹாம்மரால் ஸ்லாகை, வெல்ட் மேல் படிந்திருக்கும் கசடை, தட்டுவார். நன்றாக விழுந்த பீடில் (வெல்ட் வரியில்) ஸ்லாக் ஒரே பட்டையாக உரிந்து வரும். கெட்டதில் கொத்திக் கொத்தித்தான் எடுக்க வேண்டும். அந்த வரியை விரலால் தடவிப் பார்த்து எந்த இடத்தில் நான் மூச்சைப் பிடித்தேன் என்பதுவரை சொல்லிவிடுவார்.

வெல்ட் பண்ணிய பிளேட்டில் ஹேக்ஸாவால் ஒரு வெட்டுப் போட்டு, வைஸில் மாட்டி, சம்மட்டியால் அடித்து உடைக்கச் சொன்ன நாளைச் சொல்லாமல் இருக்க முடியாது. வெளியே பார்க்க அழகாக இருந்த வெல்ட், உள்ளே முழுக்கப் புரையும் ஸ்லாகும். பட்டறையில் இத்தனை வருடம் பெயின்ட் அடித்து அனுப்பிய கிரில்களை நினைத்துக்கொண்டேன். கிரில்லுக்குப் பரவாயில்லை, அதன் மேல் யாரும் ஏறி நிற்கப் போவதில்லை. பாய்லர் குழாய்க்கு அது ஆகாது. துவாக்குடியைச் சுற்றி இத்தனை ஃபேப்ரிகேஷன் யூனிட்கள் முளைத்ததே 1965ல் உற்பத்தி தொடங்கிய பெல் (BHEL) பாய்லர் ஆலையால்தான். வெல்டுக்குள் குறை இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள், அதனால் இந்த ஊரில் வெல்டருக்கு எக்ஸ்ரே தெரியும் என்று பெருமையாகச் சொல்வார்கள். அதன் அர்த்தம் இந்த உடைக்கிற வகுப்பில்தான் பிடிபடும்.

கேஸ் வெல்டிங்கும் ஒழுங்காகவே நடந்தது. கறுப்பு சிலிண்டர் ஆக்ஸிஜன், மெரூன் சிலிண்டர் அசிட்டிலீன். அசிட்டிலீன் பக்கத்து நட்டு இடப்பக்கம் திருகினால்தான் இறுகும், மாற்றி மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி. பாதுகாப்பு வகுப்பை எங்கள் சார் மாதிரி கறாராக யாரும் எடுக்க மாட்டார்கள். ஒரு பையன் பக்கத்து பூத் ஆர்க்கை வெறும் கண்ணால் பார்த்துவிட்டு, ராத்திரி கண்ணில் மண் கொட்டின மாதிரி உறுத்தலோடு தவித்திருக்கிறான். வீட்டில் உருளைக்கிழங்கை நறுக்கி வைத்துக் கட்டியிருக்கிறார்கள், எங்கள் பட்டறை வைத்தியமும் அதுதான். காலையில் சார் அவனை வகுப்பில் உட்கார விடாமல் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார்.

சரி, குறைக்கு வருகிறேன். பாடத்திட்டத்தில் சிஓ2 வெல்டிங், ஆர்கான் வெல்டிங் என்று வாயுவைப் பாய்ச்சிச் செய்யும் இரண்டுமே இருக்கின்றன. எங்களுக்கு ஆர்கான் மெஷின் ஒன்றே ஒன்று. அதற்கு சிலிண்டர் நிரம்பி வருவதற்குள் மழைக்காலம் முடிந்துவிட்டது. வந்தபோது ஆளுக்குக் கொஞ்ச நேரம் வெல்டிங் டார்ச்சைப் பிடித்துப் பார்த்தோம், அவ்வளவுதான். ராட் பஞ்சம் அதைவிடப் பெரிய தொல்லை. வெல்டிங் கை பழகுவது எரித்த ராட் கணக்கில்தான், புத்தகத்தில் இல்லை. ஹோல்டர் சுடுகிற அளவு கடைசித் துண்டுவரை எரித்தோம், ஒரே பிளேட்டை இரண்டு பக்கமும் நிரப்பினோம். பக்கத்துப் பிரிவில் பயிற்றுநர் இடம் காலியாகி, அந்தப் பிள்ளைகளையும் எங்கள் சாரே சில வாரம் பார்த்தார். அப்போது எங்கள் பூத் பக்கம் ஆளே இல்லை. பெண்களுக்கான கழிப்பறை ஒர்க்‌ஷாப்பிலிருந்து வளாகத்தின் மறுகோடியில் இருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், சேரும் முன் ஒருமுறை ஒர்க்‌ஷாப்புக்குப் போய் ஸ்கிராப் தொட்டியை எட்டிப் பாருங்கள். புது மெஷின், பெயின்ட் அடித்த சுவர், சுவரில் ஒட்டிய சார்ட், இவையெல்லாம் எதையும் சொல்லாது. தொட்டியில் வெல்ட் பண்ணிய பிளேட்கள் குவிந்து கிடக்கின்றனவா, அதில் செங்குத்து வெல்டிங், தலைக்கு மேல் வெல்டிங் செய்த துண்டுகள் இருக்கின்றனவா, கீழே கிடக்கும் ராட் துண்டுகள் எவ்வளவு நீளம் என்று பாருங்கள். விரல் நீளத்துக்குக் கிடந்தால் அங்கே ராடுக்குப் பஞ்சமில்லை. தொட்டி சுத்தமாக இருந்தால் வேறு ஐடிஐ பாருங்கள்.

"ஐடிஐ எதுக்கு, சில வாரத்தில் 6ஜி, அப்புறம் நேரா கல்ஃப்" என்று போஸ்டர் ஒட்டும் தனியார் சென்டர்களையும் ஒன்றிரண்டு விசாரித்தேன். 6ஜி என்பது குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பூட்டிவிட்டு, அதைத் திருப்பாமல் நாம் சுற்றி வந்து வெல்ட் பண்ணும் டெஸ்ட். எல்லாக் கோணமும் அதிலேயே வந்துவிடும், அதனால்தான் அதற்கு மதிப்பு. ஏற்கனவே பல வருடம் ராட் பிடித்தவருக்கு அந்தச் சில வாரம் பயன்படலாம். ராடே பிடிக்காதவர் அதில் பணம் கட்டுவது வீண். நான் கேட்ட இடத்தில் வேலை உறுதி என்பதை எழுதித் தரச் சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்தார்கள், எழுதித் தரவில்லை.

ஐடிஐயில் வருடக் கடைசியில் கம்ப்யூட்டரில் தியரித் தேர்வும் பிராக்டிகலும் உண்டு. தேறினால் தேசியத் தொழிற்சான்றிதழ். பெல், பொன்மலை ரயில்வே பணிமனை, சென்னை ஐசிஎஃப் போன்ற இடங்களில் ஐடிஐ முடித்தவர்களுக்கான அப்ரன்டிஸ் (தொழில் பழகுநர்) இடங்களுக்கு அது வேண்டும். எங்கள் பேட்சில் விவரமான பையன்கள் அதற்குத்தான் விண்ணப்பித்திருக்கிறார்கள். நான் போகவில்லை, பட்டறை இருக்கிறது. ஆர்கானை ஒழுங்காகக் கற்க ஆசை. பெல் வளாகத்தில் 1975ல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தில் வெல்டர்களுக்கும் பயிற்சி தருகிறார்கள், அதைத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

பெண்கள் யாராவது சேர்வதாக இருந்தால்: பாலியெஸ்டர் வேண்டவே வேண்டாம், பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிவிடும். முழுக்கை பருத்தி மட்டும் போடுங்கள், துப்பட்டாவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பேன்ட் நுனியை ஷூவுக்குள் செருகாதீர்கள், வெளியே இருக்கட்டும். தோல் கையுறையை மட்டும் சொந்தமாக, உங்கள் கை அளவுக்கு வாங்கிக்கொண்டு போங்கள். அங்கே கொடுத்ததில் என் விரல் பாதிவரைதான் எட்டியது, மீதியில் ராட் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.